ஹீட் பைப் எண்ணிக்கையைப் பார்த்து கூலர் வாங்கலாமா?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்காக புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். கடையில் இரண்டு சிபியு கூலர் காட்டினார்கள். ஒன்றில் நான்கு ஹீட் பைப், விலை அதிகம். இன்னொன்றில் ஆறு, விலை குறைவு. "பைப் கூடினால் கூலிங்கும் கூடும்" என்கிறார் கடைக்காரர். ஆறு பைப் உள்ளதையே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பைப்பின் எண்ணிக்கை வெளியே தெரிகிறது, அதனால் அதை வைத்து விற்கிறார்கள். வேலை நடப்பதோ பைப்புக்கு உள்ளே இருக்கும் திரியில்.

ஹீட் பைப் என்பது இரண்டு முனையும் அடைத்த செம்புக் குழாய். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். காற்று இல்லாததால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே தண்ணீர் ஆவியாகும். சிபியு பக்கம் ஆவியாகி, ஃபின் (சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய உலோகத் தகடுகள்) இருக்கும் பக்கம் ஓடி, அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி தண்ணீராகும். அந்தத் தண்ணீர் திரும்பி வந்தால்தான் அடுத்த சுற்று. பம்ப் எதுவும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவரில் இருக்கும் திரிதான் தண்ணீரை இழுத்து வரவேண்டும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டிய காலத்திலிருந்தே, திரியை எப்படி அமைப்பது என்பதுதான் வடிவமைப்பாளர்களுக்குப் பெரிய வேலை.

திரியில் பரவலாக இருப்பவை மூன்று வகை. உட்சுவரில் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் போட்டது ஒன்று. செய்ய எளிது, செலவும் குறைவு. செம்புக் கம்பி வலையைச் சுருட்டி வைத்தது இன்னொன்று. மூன்றாவது சின்டர்டு: செம்புத் தூளை உட்சுவரில் நிரப்பி, உருகாத அளவுக்கு உலையில் சூடாக்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி செய்தது.

துளை எவ்வளவு பொடியோ, இழுவை அவ்வளவு பலம்; இந்த மூன்றில் சின்டர்டு திரியில்தான் பொதுவாகத் துளை மிகப் பொடி. ஏட்டுக்கணக்குப்படி, துளையின் ஆரம் 0.25 மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான் மேலே ஏறும். அதுவே 0.05 மில்லிமீட்டர் என்றால் 29 சென்டிமீட்டர் வரை ஏறும். அப்படியானால் துளையைப் பொடியாக்கிக்கொண்டே போகலாமே என்றால், அதுவும் முடியாது. பொடித் துளைக்குள் தண்ணீர் நகர்வதே சிரமமாகிவிடும். திரியைத் தடிப்பாக்கினால் தண்ணீர் நிறைய வரும், ஆனால் சூடு அந்தத் தடிப்பைத் தாண்டவேண்டும்; 6 மில்லிமீட்டர் குழாய்க்குள் ஆவி போகிற வழியும் குறுகிவிடும். பள்ளம் போட்டு அதன்மேல் தூளும் ஒட்டிய கலப்புத் திரிகள் வந்தது இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான்.

இத்தனைக்கும் தேவைப்படும் தண்ணீர் மிகக் குறைவு. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2,300 ஜூல் வேண்டும். ஆக, 40 வாட் சுமக்கும் பைப்பில் நிமிடத்துக்கு ஒரு கிராம் அளவு போய் வந்தால் போதும். அந்த ஒரு கிராமைத் திரியால் கொண்டுவர முடியாவிட்டால் சூடான முனை வறண்டுவிடும். அப்புறம் அந்த பைப் இருந்தும் பெரிய பயன் இல்லை.

கம்ப்யூட்டர் எப்படி நிற்கிறது என்பதையும் பாருங்கள். கேபினட் நின்றபடி இருந்தால் டவர் கூலரின் (ஃபின் அடுக்கு சிபியுவிலிருந்து தள்ளி நீண்டு நிற்கும் வகை) பைப்கள் கிடைமட்டமாக இருக்கும். படுக்கவைத்தால் ஃபின்கள் மேலே போய்விடும், தண்ணீர் தானாகவே இறங்கிவரும். பள்ளத் திரிக்கும் அது சுலபம். ஃபின் கீழே, சிப் மேலே என்றால்தான் சிக்கல். வழக்கமான கேபினட்டில் கிராஃபிக்ஸ் கார்டு அப்படித்தான் கவிழ்ந்திருக்கிறது. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சில 110 டிகிரியைத் தொட்டதும், கார்டு இருக்கும் நிலையைப் பொறுத்து சூடு மாறியதும் பெரிய செய்தியானது. சில கார்டுகளின் வேப்பர் சேம்பருக்குள் (ஹீட் பைப் போலவே வேலை செய்யும் தட்டையான பெட்டி) தண்ணீர் போதுமான அளவு இல்லை என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

சரி, எதை வாங்குவது? நான்கு பைப் கூலர் சின்டர்டு என்று உறுதியானால், அதன் அடித்தட்டும் சமமாக இருந்தால், நான் அதைத்தான் எடுப்பேன். ஆறு பைப் கூலரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பைப்களே நேராக சிபியுவைத் தொடும் அமைப்பு என்றால், ஓரத்து இரண்டும் சிப்புக்கு வெளியே நின்று சும்மா இருக்க வாய்ப்பு உண்டு. திரி எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, அறுத்துத்தான் பார்க்கவேண்டும். அதனால் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாதவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும்.

கேள்வி: வாங்கிய கூலரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் சத்தமே இல்லை. காலி பைப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. தண்ணீர் திரிக்குள் ஊறி இருக்கும். சத்தம் வராததுதான் சரி. சந்தேகம் தீர, சிபியுவுக்கும் கூலருக்கும் இடையே பூசும் பேஸ்ட்டைத் தடவும் முன் அடித்தட்டை மட்டும் ஒரு கிண்ணம் சுடுநீரில் வைத்து, ஒவ்வொரு பைப்பின் மேல்முனையையும் தொட்டுப் பாருங்கள். சில நொடியில் எல்லாம் ஒன்றுபோலச் சூடேறவேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் அந்த பைப்பில் கசிவோ குறையோ இருக்கலாம். பிறகு நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள்.

கேள்வி: மாட்டிய பிறகு திரி சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டில் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்துங்கள். சிபியுவுக்கு முழு வேலை கொடுத்து 20 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அணைத்து, கூலர் நிமிர்ந்து நிற்கும்படி கேபினட்டைப் படுக்கவைத்து, காற்று வழி அடைபடாமல் பார்த்து, அதே சோதனையை அதே அறையில் செய்யுங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசம் சாதாரணம். எட்டு, பத்து டிகிரி குறைந்தால் உங்கள் கூலரின் திரி புவியீர்ப்பை நம்பித்தான் ஓடுகிறது. நிற்கும் நிலையில் வெப்பநிலை ஓரிடத்தில் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனாலும் அதே சந்தேகம்தான், முதலில் ஸ்க்ரூவும் பேஸ்ட்டும் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

சின்டர்டு என்று சொல்லி விற்றது இப்படி நடந்துகொண்டால், இரண்டு சோதனையின் ஸ்கிரீன்ஷாட், பில், விவரப் பட்டியல் மூன்றையும் சேர்த்து விற்றவருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம்.