மௌத்பீஸ் மாற்றியதும் மேல் சுரம் காணாமல் போனால்

பட்டர்வொர்த்தில் படிவம் 5 படிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, பள்ளி பேண்டில் மூன்று வருடமாக டிரம்போன் வாசிக்கிறேன். இதுவரை கருவியோடு வந்த 12சி மௌத்பீஸ்தான். மூன்று வாரத்துக்கு முன் 6½ஏஎல் வாங்கினேன். கீழ் சுரமெல்லாம் கனமாக, அழகாக வருகிறது. ஆனால் மேல் எஃப் வரவே மாட்டேன் என்கிறது, பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்துவிடுகிறது. மெர்டேக்கா அணிவகுப்புக்கு இன்னும் ஐந்து வாரம். பழையதற்கே போய்விடட்டுமா?"

போகாதே தம்பி. ஐந்து வாரம் போதும். பத்து நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தால், பழையதையே மாட்டு, 31 ஆகஸ்டு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன்.

முதலில் ஒன்றைச் சரிபார். ஷேங்க் என்பது மௌத்பீஸில் கருவிக்குள் செருகும் தண்டு. 6½ஏஎல் சின்ன ஷேங்க், பெரிய ஷேங்க் என இரண்டு வகையிலும் கிடைக்கிறது. 12சியோடு வருகிற டிரம்போனுக்குச் சின்ன ஷேங்க்தான் சேரும். பெரியதை வாங்கியிருந்தால் உள்ளே சரியாக இறங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும், அதை வைத்து எவ்வளவு சாதகம் செய்தாலும் பயனில்லை. மெல்லச் செருகி லேசாகத் திருகிவிட்டு விரலால் அசைத்துப் பார், ஆடக் கூடாது. தட்டி இறக்காதே. இறுகிக்கொண்டாலும் குறடு போட்டு இழுக்காதே, உள்குழாய் முறுக்கிக்கொள்ளும். பழுதுபார்க்கும் கடையில் இதற்கென்றே புல்லர் வைத்திருப்பார்கள், ஒரு நிமிட வேலை.

சரி, அளவு பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் பாக் (Bach) நிறுவனத்தின் கணக்கு, அதில் எண் குறையக் குறைய கப், அதாவது உதடு பதியும் கிண்ணம், பெரிதாகும். 12சியின் உள்விட்டம் 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4. ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக வித்தியாசம் இல்லை, ஆனால் உதட்டுக்கு அது பெரிய மாற்றம், ஏனென்றால் ரிம் என்கிற விளிம்புக்குள் அதிர வேண்டிய சதை கூடிவிட்டது, கப்பும் ஆழமாகிவிட்டது. உனக்குப் பிடித்த அந்தக் கனமான ஒலி இந்த ஆழத்தால்தான் வருகிறது. ஆழம் குறைந்த 12சி மேல் சுரத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்துக்கொண்டிருந்தது, இனி அந்த வேலையை உன் வாயோரத் தசைதான் செய்ய வேண்டும். நாகஸ்வரக்காரர் சீவாளியைத் தன் வாய்க்குத் தகுந்தபடி பதப்படுத்திக்கொள்வார். இந்தப் பித்தளை இம்மிகூட இளகாது, வாய்தான் அதற்குப் பழக வேண்டும்.

தசை இன்னும் தயாராகவில்லை, சுரமோ வந்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், இடது கை தன்னையறியாமல் கருவியை வாயோடு அழுத்த ஆரம்பித்துவிடும். அழுத்தினால் ஒரு தடவை வரும், இரண்டு தடவை வரும், அப்புறம் ரத்த ஓட்டம் தடைபட்டு உதடு மரத்துப்போகும். உன்னுடைய பத்து நிமிடச் சோர்வு பெரும்பாலும் இதுதான். ஐந்து நிமிடம் வாசித்துவிட்டுக் கண்ணாடியில் பார். லேசான வட்டம் தெரிந்தால் பரவாயில்லை. பள்ளமாகச் சிவந்து, கால் மணி நேரம் ஆகியும் மறையாமல் இருந்தால் நீ அழுத்துகிறாய்.

இன்னும் இரண்டு வாரம் வரை மேல் எஃப்பைத் தேடிப் போகாதே. நடு எஃப்பை மிக மெதுவாக எடு, மூச்சு உள்ளவரை பிடி, ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் உடையாமல் அணைய விடு. அணையும் நேரத்தில் கன்னம் உப்பாமல் இரண்டு வாயோரமும் இறுகிப் பிடிப்பது உனக்கே தெரியும், நாம் வளர்க்க வேண்டிய தசை அது. அடுத்து, ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்து, அதாவது முதல் பொசிஷனிலேயே வைத்து, நாக்கு தட்டாமல் கீழ் பி-ஃபிளாட், எஃப், நடு பி-ஃபிளாட் என்று ஏறி இறங்கு. அது தடுமாறாமல் வந்த பிறகு மேலே டி, அதுவும் படிந்த பிறகு மேல் எஃப். வாசித்த நேரம் எவ்வளவோ அதே அளவு ஓய்வு கொடு. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதை விட, காலையில் பதினைந்து நிமிடம், மதியம், இரவு என்று பிரிப்பது எவ்வளவோ நல்லது. பேண்ட் பயிற்சியில் மேல் சுரம் வருகிற இடத்தில் வெட்கப்படாமல் ஒரு ஸ்தாயி கீழே வாசி, ஏன் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

பழைய 12சியை அம்மாவிடம் கொடுத்து எடுத்து வைக்கச் சொல். நான் முதன்முதலில் மாற்றியபோது இரண்டையும் பையிலேயே வைத்துக்கொண்டு, கஷ்டமான பாட்டுக்குப் பழையது, மற்றதற்குப் புதியது என்று மாற்றி மாற்றி வாசித்தேன். மூன்று மாதம் வீணாகி, கடைசியில் இரண்டிலுமே சுருதி நிற்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சுருதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கப்பில் சுருதி கொஞ்சம் இறங்கினாற்போல் இருக்கலாம், டியூனிங் ஸ்லைடைச் சற்று உள்ளே தள்ள வேண்டி வரும். ஆனால் ஏர்கான் அறையில் பார்த்துவிட்டு அதையே முடிவாக வைத்துக்கொள்ளாதே. குளிரில் கருவி இறங்கும், வெயிலில் ஏறும். அணிவகுப்பு வெயிலில்தானே, அதனால் திடலில் பத்து நிமிடம் வாசித்துக் கருவி சூடான பிறகு டியூனரைப் பார்த்து, டியூனிங் ஸ்லைடு நிற்கிற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டு வை.