ஷெல் ஸ்கிரிப்டில் வண்ண எழுத்து: டெர்மினலில் நிறம், லாக் கோப்பில் குப்பை. ஏன்?

கேள்வி: என் ஷெல் ஸ்கிரிப்டில் 'பிழை' என்பதைச் சிவப்பிலும் 'சரி' என்பதைப் பச்சையிலும் காட்ட, எக்கோ கட்டளையை மைனஸ் ஈ தெரிவுடன் பயன்படுத்தினேன். என் டெர்மினலில் அழகாக வருகிறது. லாக் கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு வரியிலும் விசித்திரக் குறிகள். சக ஊழியரின் உபுண்டுவில் வரியின் முன்னால் மைனஸ் ஈ என்பதே அச்சாகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சிறியதை முதலில் முடித்துவிடுவோம்.

நீங்கள் பேஷ் என்ற ஷெல்லில் ஓட்டுகிறீர்கள். அவர் எஸ்ஹெச் என்று அழைத்து ஓட்டியிருப்பார். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டேஷ் என்ற வேறொரு ஷெல். அதன் எக்கோவுக்கு மைனஸ் ஈ என்ற தெரிவே கிடையாது. அதையும் அச்சிட வேண்டிய சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. எக்கோவை விட்டுவிட்டு பிரிண்ட்எஃப் கட்டளைக்கு மாறுங்கள். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் அதன் நடத்தையைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. நிறக்குறியைத் தொடங்கிவைக்கும் எஸ்கேப் எழுத்தையும் பின்சாய்கோடு 033 என்று எண்ம (ஆக்டல்) முறையிலேயே எழுதுங்கள். பின்சாய்கோடு ஈ என்ற சுருக்க வடிவம் எல்லா ஷெல்லுக்கும் தெரியாது.

இனி லாக் கோப்பு. டெர்மினலுக்கு நிறம் தனி வழியில் போவதில்லை. எழுத்துகள் போகும் அதே ஓட்டத்தில்தான் எஸ்கேப், இடது சதுர அடைப்பு, ஓர் எண், சிறிய எம் என்ற வரிசையும் போகிறது. 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 0 எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும். 1976-இல் முதற்பதிப்பு வந்த ஈசிஎம்ஏ-48 என்ற டெர்மினல் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கான தரத்தின் வழியில் வளர்ந்த குறிகள் இவை. இவற்றைப் பரவலாக்கிய 1978-ஆம் ஆண்டின் விடி100 டெர்மினலில் நிறமே கிடையாது என்பது எனக்கு இன்றும் வியப்பு. தடித்த எழுத்து, அடிக்கோடு போன்றவைதான் அதில் இந்தக் குறிகளால் வந்தன. டெர்மினல் இவற்றைக் கட்டளையாகப் படித்து விழுங்கிவிடும். கோப்பு அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 'பிழை' என்று தொடங்கும் வரிகளை கிரெப் கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் அந்த வரி இப்போது எஸ்கேப்பில் தொடங்குகிறது.

ஆகவே நிறம் பூசுவதற்கு முன், மறுமுனையில் டெர்மினல் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் கேட்க வேண்டும். டெஸ்ட் கட்டளையில் மைனஸ் டி 1 என்று எழுதினால், வழக்கமான வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும். ஆம் என்றால் சிவப்பு, பச்சை, இயல்பு என்ற மூன்று மாறிகளில் குறிகளை நிரப்புங்கள். இல்லையென்றால் மூன்றையும் வெறுமையாக விடுங்கள். அச்சிடும் வரிகள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எல்எஸ், கிரெப் ஆகிய கட்டளைகளில் நிறத்துக்கான 'ஆட்டோ' தெரிவும் இதே சோதனையைத்தான் செய்கிறது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டாலர் குறியும் அடைப்பும் போட்டு அழைக்கும் ஃபங்ஷனுக்குள் இந்தச் சோதனையை வைத்தால் விடை எப்போதும் 'இல்லை' என்றே வரும். அந்த இடத்தில் வெளியீடு ஸ்கிரிப்டுக்கே திரும்பிவரும் பைப் என்ற குழாய்க்குள் போகிறது, டெர்மினலுக்கு அல்ல. சோதனையை ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில், வெளியே வையுங்கள். பிழைச் செய்திகளை அவற்றுக்கென்றே உள்ள 2-ஆம் எண் வெளியீடு வழியே அனுப்புகிறீர்கள் என்றால் அதற்கு மைனஸ் டி 2 என்று தனியாகச் சோதியுங்கள். ஒன்று கோப்புக்கும் மற்றது திரைக்கும் போவது அன்றாடம் நடப்பதுதான்.

எண்களைக் கையால் எழுதுவதைவிட டிபுட் கட்டளை எனக்குப் பிடிக்கும். டிபுட் செட்ஏஎஃப் 1 சிவப்பு. டிபுட் எஸ்ஜிஆர்0 பழைய நிலை. டெர்மினலின் வகையைச் சொல்லும் டேர்ம் மாறியைப் பார்த்து, அந்த டெர்மினலுக்குரிய குறியை டெர்மின்ஃபோ தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடும்போது டேர்ம் மாறி பொதுவாக இருக்காது. டிபுட் பிழை காட்டும். எனவே அதையும் மேற்சொன்ன சோதனைக்குள்ளேயே வையுங்கள். கூடவே நோ_கலர் என்ற சூழல் மாறியையும் மதியுங்கள். 2017 முதல் பல நிரல்கள் பின்பற்றும் வழக்கம் இது: அதில் ஏதாவது மதிப்பு இருந்தால் பயனர் நிறம் வேண்டாம் என்கிறார்.

நிறத்தை மட்டும் நம்பி 'பிழை', 'சரி' என்ற சொற்களை எடுத்துவிடாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. நீங்கள் தேர்ந்த இணை அதே இரண்டு நிறங்கள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சளும், கறுப்பில் அடர்நீலமும் எல்லோருக்குமே படிக்கச் சிரமம்.

கன்ட்ரோல் சி அழுத்தி நடுவில் நிறுத்தினால் டெர்மினல் சிவப்பிலேயே நின்றுவிடலாம். பேஷில் ஓட்டினால், டிராப் கட்டளையில், வெளியேறும்போது 'இயல்பு' மாறியை அச்சிடச் சொல்லி ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே குறிகளுடன் சேர்ந்துவிட்ட பழைய லாக்குகளை லெஸ் கட்டளையில் மைனஸ் பெரிய ஆர் தெரிவு கொடுத்துத் திறந்தால், குறிகள் மறைந்து நிறங்களாகவே தெரியும்.