மேல்சேற்றுக்கே 1,200 வயதா?

ஏரியின் மேல்சேறே 1,200 ஆண்டுப் பழையது என்று ரேடியோகார்பன் (கார்பன்-14 அளவை வைத்து வயது கணிக்கும் முறை) முடிவு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தைச் சந்தேகிக்க வேண்டாம், நண்பரே. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அந்தப் பாறையிலிருந்து கரைந்து வரும் கார்பனில் கார்பன்-14 துளியும் இல்லை. காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன் அது; குறைவாக இருந்தால் பொருள் பழையது என்றே கணக்கு வரும். நத்தை ஓடுகளும் நீர்ப்பாசியும் பாறையின் கார்பனையே சேர்த்துக்கொள்கின்றன. அதனால் வயது கூடித் தெரிகிறது.

சேற்றைச் சல்லடையில் அலசி, கரை மரங்களின் இலைத் துணுக்குகளையும் விதைகளையும் பொறுக்கி அனுப்புங்கள். அவை காற்றிலிருந்து கார்பனை எடுத்தவை. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் படலம் படலமாகப் படிந்த சேற்றுக்குள் கிடந்த இலைகள்தான், சுமார் 50,000 ஆண்டு வரையிலான கார்பன் தேதிகளைத் திருத்த உதவின. நரம்பு தெரியும் ஓர் இலைத்துண்டு, கைநிறையச் சேற்றைவிட நம்பகமானது!

சேற்றின் மேற்பகுதிக்கு, கதிரியக்க ஈயமான ஈயம்-210 எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டு. கடந்த ஒரு நூற்றாண்டுக்குப் போதும்.