ஊற வெச்ச அரிசிய தின்னுட்டா, விடிஞ்சா எந்திரிக்கல

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க வீட்ல ஒரே ஒரு ஆடு, பேரு செல்லி, ரெண்டு வயசு. குட்டியிலயே தாய் செத்துப்போச்சு, பாட்டில்ல பால் குடுத்து நான்தான் வளத்தேன், அதனால தான் ஒரு ஆடுன்னே அதுக்குத் தெரியாது, நாங்க டிவி பாத்தா அதுவும் பக்கத்துல வந்து படுத்துக்கும். போன வாரம் மாவாட்டுறதுக்கு இட்லி அரிசி 3 கிலோ ஊறப்போட்டு பின்கட்டுல வெச்சிருந்தோம், சாயங்காலம் பாத்தா பாதி காலி. சிரிச்சுட்டு விட்டுட்டோம். ராத்திரி தழையத் தொடல, அசை போடல, பல்லை நறநறன்னு கடிச்சுட்டு மூலையில நின்னுச்சு. விடியக்காலைல எந்திரிக்கவே இல்ல, தண்ணியா கழிஞ்சிருந்துச்சு, புளிச்ச மாவு வாடை. பக்கத்து வீட்டு மாமா உப்புசம்னு சொல்லி தலைய அண்ணாந்து பிடிச்சு அரை லிட்டர் கடலெண்ணெய மடமடன்னு ஊத்திட்டாரு. அப்பத்தா கண்ணு பட்டுருச்சுன்னு மொளகா சுத்திப் போட்டாங்க. அப்புறம் டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏத்தி ஊசி போட்டதுல பொழச்சுக்கிச்சு. ஆனா 4 நாளா இருமிட்டே இருக்கு, மூக்குல சளி ஒழுகுது. ஏன் டாக்டர்? இன்னொரு தடவை இப்படி ஆனா டாக்டர் வர்ற வரைக்கும் நாங்க என்ன பண்றது?
(வாசகி, மணப்பாறை பக்கம்)

பதில்: முதல்ல அந்த இருமலைப் பாத்துருவோம்மா, மத்ததெல்லாம் அப்புறம். எண்ணெய் புரை ஏறியிருக்கு. நமக்கு சாப்பிடும்போது புரை ஏறுனா தலையில தட்டுவாங்கல்ல, அதே சமாச்சாரம்தான், ஆனா படுத்துக் கெடக்கிற ஆட்டுக்கு இருமி வெளிய தள்ள தெம்பு இருக்காது, தலைய அண்ணாந்து பிடிச்சு ஊத்துனா பாதி வயித்துக்கும் பாதி நுரையீரலுக்கும் போகும். எண்ணெய் நுரையீரல்ல போய் உக்காந்தா சீக்கிரம் வெளிய வராது, அங்கயே சளி கட்டி நிமோனியா ஆயிரும். இந்தப் பதிலைப் படிக்கிறப்பவும் இருமல் நிக்கலன்னா இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ஊசி ஒரு கோர்ஸ் முழுசா போட வேண்டியிருக்கும், ரெண்டு நாள் போட்டு நல்லாருக்குன்னு நிறுத்திறாதீங்க. மாமா மேல கோவப்படாதீங்க, நல்லது பண்ணணும்னுதான் ஓடி வந்தாரு. மொளகா சுத்துனதுல ஆட்டுக்கு ஒரு கெடுதலும் இல்ல, அப்பத்தாவுக்கு என் வணக்கம்.

இப்ப அரிசிக்கு வருவோம். உங்க வீட்ல மாவு எப்படி புளிக்குது? அரைச்சு வெச்சா ராத்திரியோட ராத்திரியா கிருமி அதுல இருக்கிற மாவுச்சத்த தின்னு லாக்டிக் அமிலமா மாத்துது, விடியறதுக்குள்ள பொங்கி வழியுது. செல்லி வயித்துல நடந்ததும் அதேதான். ஆட்டோட முதல் வயிறு தழையும் புல்லும் ஊறி நொதிக்கிறதுக்குன்னு அமைஞ்சது, அதுக்கேத்த கிருமிங்க கோடிக்கணக்குல அங்க குடியிருக்கு. திடீர்னு ஒண்ணரை கிலோ அரிசி உள்ள விழுந்தா அதுங்க செத்து, அமிலம் உண்டாக்குற கூட்டம் மட்டும் பெருகுது. வெளிய பாத்திரத்துல புளிச்சா இட்லி, வயித்துல புளிச்சா விஷம். அந்தப் புளிப்பு ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுத்துக்கும், அதனாலதான் தண்ணியா கழியறதும் கண்ணு குழி விழறதும் எந்திரிக்க முடியாம போறதும். குளுக்கோஸ் ஏத்துனதுலதான் உங்க ஆடு பொழச்சுச்சு. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து எங்க போனு ஓயாது, எல்லாம் இதே கேசுதான், ஆசை ஆசையா பொங்கல ஊட்டிவிட்டுட்டு ராத்திரி அழுதுகிட்டே கூப்பிடுவாங்க.

அப்ப உப்புசம்னா என்ன, இது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஆட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. அதோட இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். உப்புசம்னா அந்தப் பள்ளம் மேடாயிரும், விரலால சுண்டுனா மத்தளம் மாதிரி டம் டம்முன்னு கேக்கும், மூச்சு வாங்கும், காலை உதைக்கும். ஈரமா இருக்கிற கடலக்கொடி, குதிரை மசால் இதெல்லாம் வெறும் வயித்துல மேஞ்சா சில மணி நேரத்துலயே வரும், அதுல நுரை கட்டியிருந்தா எண்ணெய் வேலை செய்யும், ஆட்டுக்கு 50ல இருந்து 100 மில்லி போதும், அரை லிட்டர் இல்ல! அரிசி தின்ன ஆட்டுக்கு அதே இடத்துல அமுக்கிப் பாத்தா தண்ணி மூட்டைய அமுக்குன மாதிரி களக் களக்குன்னு இருக்கும், ஆடு துடிக்காது, சோர்ந்து நிக்கும், தின்ன உடனே தெரியாது, அரை நாள் ஒரு நாள் கழிச்சுத்தான் காட்டும். நீங்க சிரிச்சுட்டு விட்டீங்களே, அந்த சாயங்காலம்தான் கைவைத்தியத்துக்கு நேரம்.

இன்னொண்ணு சொல்லித்தரேன், இன்னிக்கே ஆடு நல்லா இருக்கும்போதே பழகிக்கோங்க. அந்த இடது பள்ளத்துல முஷ்டிய மடக்கி வெச்சு லேசா அழுத்திட்டு ஒரு நிமிஷம் பொறுமையா இருங்க. உள்ள இருந்து அலை மாதிரி ஒண்ணு எழும்பி உங்க கையத் தூக்கும், நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. அது நின்னுபோச்சுன்னா வயிறு வேலைநிறுத்தம்னு அர்த்தம். ஆசன வாயில தெர்மாமீட்டர் வெச்சா 101.5ல இருந்து 103.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் ஆட்டுக்கு சகஜம், நமக்கு 103 காய்ச்சல், அதுக்கு 103 ஒண்ணுமில்ல, இது தெரியாமலே நிறைய பேர் காய்ச்சல்னு மாத்திரைய போட்டுறாங்க. கீழ் கண்ணிமைய இழுத்துப் பாருங்க, ரோஸா இருக்கணும். இந்த மூணையும் போன்ல சொன்னாலே டாக்டருக்கு பாதி விஷயம் புரிஞ்சுரும்.

டாக்டர் வர்ற வரைக்கும் பண்ண வேண்டியது கொஞ்சம்தான். மிச்ச அரிசி, தவிடு, கஞ்சி, கழனித்தண்ணி எல்லாத்தையும் கண்ணுல படாம எடுத்துருங்க, காஞ்ச புல்லு மட்டும் முன்னாடி போடுங்க. ஆடு நின்னுட்டு இருந்து, தானா முழுங்குற நிலையில இருந்தா மட்டும் ஆப்ப சோடா (சலவை சோடா இல்லம்மா, ஆப்பத்துக்குப் போடுறது) ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் கணக்கு, 20 கிலோ ஆடுன்னா 20 கிராம், வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து கடைவாய் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. தலை சாதாரணமா நிக்கிற மட்டத்துல இருக்கட்டும், நாக்கைப் புடிச்சு இழுக்காதீங்க, ஒரு மடக்கு முழுங்குன அப்புறம்தான் அடுத்தது. இருமுனா உடனே நிறுத்துங்க. படுத்துட்டா வாய் வழியா எதுவுமே வேணாம், நெஞ்சுல சாஞ்சு உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் சாக்கு அண்டக் குடுங்க, தலைய கீழ தொங்க விடாதீங்க. 1962க்கு கூப்பிட்டா கால்நடைத் துறை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும், அந்த நம்பரை இப்பவே போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

அடுத்த ரெண்டு வாரம் செல்லிய கண்ணுல வெச்சுக்கணும். நொண்டுனாலோ குளம்பு தொட்டா சூடா இருந்தாலோ சொல்லுங்க, புளிப்பேறுனதோட பாதிப்பு காலுக்கும் இறங்கும். செவுத்துல தலைய முட்டிட்டு நின்னாலோ வானத்தையே பாத்துட்டு நின்னாலோ கண்ணு தெரியாத மாதிரி இடிச்சுக்கிட்டாலோ அது பி1 வைட்டமின் குறைஞ்சு மூளைக்குப் போயிருச்சுன்னு அர்த்தம், வயித்துல அதை உண்டாக்குற கிருமியெல்லாம்தான் செத்துப்போச்சே. அன்னிக்கே ஊசி போட்டா திரும்பிரும். துள்ளுமாரி தடுப்பூசி போட்டிருக்கீங்களான்னு கடிதத்துல சொல்லல. இப்படி மாவுச்சத்து எக்கச்சக்கமா உள்ள போறப்பதான் அந்தக் கிருமியும் குடல்ல பெருகி விஷம் கக்கும், நேத்து துள்ளிட்டு இருந்த ஆடு காலைல செத்துக் கெடக்கும். மழைக்காலத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் போடணும். ஆட்டுக்கொல்லி நோய் ஊசி வேற, அது ஒரு தடவை போட்டா 3 வருஷம் தாங்கும். நம்ம நாட்டுல அந்த நோயை முதல்ல கண்டுபிடிச்சதே 1987ல, நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்ல.

கேள்வி: மொட்டை மாடியில ஒரு கிடா வளக்குறோம், குட்டியிலயே காயடிச்சது. ரெண்டு நாளா முக்கிக்கிட்டே நிக்குது, கத்துது, வாலை ஆட்டுது, புழுக்கையும் கம்மியா போடுது. மலச்சிக்கல்னு வெளக்கெண்ணெய் குடுத்தோம், கேக்கல. தினமும் தவிடும் குருணையும்தான் தீனி.
(வாசகர், கோவை)

பதில்: சார், நீங்க கவனிக்க வேண்டியது புழுக்கைய இல்ல, மூத்திரத்த. காயடிச்ச கிடாவுக்கு, அதுவும் குட்டியிலயே அடிச்சதுக்கு, மூத்திரக் குழாய் சரியா வளராம குறுகலா நின்னுரும், தவிடுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, அது மணல் மணலா கல்லாகி அந்தக் குழாயில அடைச்சுக்கும். தரை காய்ஞ்சிருக்கா, நுனியில சொட்டு சொட்டா வருதா, அங்க இருக்கிற முடியில மணல் மாதிரி ஒட்டியிருக்கான்னு பாருங்க. அப்படின்னா காலைல போகலாம்னு தள்ளிப்போடாதீங்க, மூத்திரப் பை வெடிச்சுரும். வயித்த அமுக்கிவிடுற வேலையே வேணாம். குறி நுனியில புழு மாதிரி ஒரு சின்ன நீட்டல் இருக்கும், பெரும்பாலும் கல்லு அங்கதான் மாட்டும், டாக்டர் அதைக் கத்தரிச்சு விட்டாலே சில ஆடு அங்கயே பீச்சி அடிச்சுரும், பாத்தா சிரிப்பும் வரும் கண்ணீரும் வரும். மேல மாட்டியிருந்தா ஆபரேஷன்தான். பொழச்சு வந்தா தவிடை நிறுத்திட்டு தழையும் காஞ்ச புல்லும் போடுங்க, நக்குறதுக்கு உப்புக்கட்டி ஒண்ணு தொங்கவிடுங்க, அது தாகம் எடுத்து தண்ணி குடிக்கணும், தொட்டி மாடி வெயில்ல கொதிக்காம நிழல்ல இருக்கட்டும்.

கேள்வி: மரவள்ளிக் காட்டுக்குள்ள புகுந்து மேஞ்ச ஆடு அரை மணி நேரத்துல விழுந்து செத்துப்போச்சு. பாம்பு கடிச்சிருக்குமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: பாம்பா இருக்க வாய்ப்பு கம்மி, இலையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மரவள்ளித் தழையில சயனைடு இருக்கு, மழை இல்லாம வாடுன இளம் சோளப்பயிர்லயும் இருக்கு. பசியோட போய் வயிறு முட்ட மேஞ்சா அப்படித்தான் படக்குன்னு போகும், மூச்சு முட்டி கத்தும், வாய் உள்ள பாத்தா செக்கச் செவேல்னு இருக்கும். நேரத்துக்கு டாக்டர் கிடைச்சா சோடியம் தயோசல்பேட் ஊசி நரம்புல போட்டு எழுப்பிரலாம், போன்ல கூப்பிடும்போதே என்ன தின்னுச்சுன்னு சொல்லிருங்க, அவரு மருந்த எடுத்துட்டு வருவாரு. மிச்சம் இருக்கிற ஆட்டுக்கு தழை வேணும்னா வெட்டி ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல மொறு மொறுன்னு காயவெச்சு, வேற புல்லு தின்ன அப்புறம் கொஞ்சமா போடுங்க. கிழங்கு பிடுங்குற சீசன் வரைக்கும் அந்தக் காட்டுப் பக்கம் கட்டிப் போடாதீங்க, ஆட்டுக்கு கயிறு எத்தனை முழம்னு நமக்குத் தெரிஞ்சாலும் அதோட கழுத்து எத்தனை முழம் நீளும்னு தெரியாது.