யாரை மேடைக்கு அழைப்பது?

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம். இந்த ஆண்டு பாராட்டு விழாவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி அளவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள், பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ஆகியோருக்குக் கேடயமும் ரொக்கமும் கொடுப்பது வழக்கம். பிப்ரவரியில் நடந்த ஆண்டு விழாவில், அப்போது ஒன்பதிலும் பதினொன்றிலும் இருந்த பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டார்கள். ஊர் ஏரி தூர்ந்துபோன கதை. வசனம் எழுதிக் கொடுத்தது யாருமில்லை, அவர்களே பேசிப் பேசி உருவாக்கினார்கள். அவர்களையும் இதே மேடையில் பாராட்டலாம் என்று கேட்டேன், தாளாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் பெற்றோர் சிலர், "ராப்பகலா படிச்ச புள்ளைக்கும் வேஷம் கட்டுன புள்ளைக்கும் ஒரே கேடயமா?" என்கிறார்கள். சக ஆசிரியர் ஒருவர், சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார். எனக்கு இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெற்றோரின் கேள்வியை ஒதுக்கிவிடாதீர்கள். மதிப்பெண்ணைத் துச்சமாகப் பேசுவது, அது இல்லாமலும் பிழைக்க வழியுள்ளவர்களின் பழக்கம். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒரு பெண் 600க்கு 570 வாங்குகிறாள் என்றால், அந்த வீட்டின் அடுத்த தலைமுறையே வேறு திசையில் போகப்போகிறது. விடுதிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த அப்பாவுக்கு அந்தக் கேடயம் பெரிய விஷயம். அது இருக்கட்டும்.

ஆனால் அதைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்? மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. சிபிஎஸ்இயும் முதலிடப் பட்டியல் வெளியிடுவதில்லை. அப்படியும் தேர்வு முடிவு வந்த மறுநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் ஏறிவிடுகிறது. பாஸ்போர்ட் படமும், பக்கத்தில் ஒரு எண்ணும். அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்று அதில் ஒரு வரி இருக்காது. அடுத்த ஆண்டு சேர்க்கைக்காக வைக்கிற பலகை அது. அதற்குப் பாராட்டு என்று பெயர் சூட்டக் கூடாது.

உங்கள் விழாவில் பிள்ளைகளின் பெயரோடு ஒரு செய்தியையும் வாசியுங்கள். காலாண்டில் கணக்குப்பதிவியலில் தோற்று, பொதுத்தேர்வில் எண்பதைத் தாண்டிய பையன் ஒருவன் உங்கள் பள்ளியிலும் இருப்பான். தன் படிப்பையும் பார்த்துக்கொண்டு, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள் இருப்பாள். முதல் மூன்று இடத்துக்குள் இவர்கள் வரமாட்டார்கள். பாட ஆசிரியர்களிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நாடகத்துக்கும் இதே வழிதான். சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். பிள்ளைகள் பேசிப் பேசி உருவாக்கிய நாடகத்தில் எந்த வசனம் யாருடையது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒருவன் அழுது நடித்தது அரங்கைத் தொட்டதென்றால், எதிரே நின்றவன் வாயைத் திறக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அதற்குக் காரணம். பக்கவாட்டில் நின்று அடி எடுத்துக் கொடுத்தவளும், சரியான நொடியில் விளக்கை அணைத்தவனும் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. பதினைந்து வயதில் அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காது கொடுத்து நிற்கப் பழகுவது சின்ன காரியமில்லை. அதைக் கற்றவர்களில் இருவரை மட்டும் பிரித்து முன்னால் நிறுத்தினால், கற்றதையே கலைத்துவிடுகிறோம்.

கேரளத்தில் இதைப் பார்த்துவிட்டார்கள். அங்கே மாநிலப் பள்ளிக் கலோத்ஸவம் என்ற கலைப்போட்டி விழாவில், 1986இல் சிறந்த மாணவனுக்குக் கலாபிரதிபா, சிறந்த மாணவிக்குக் கலாதிலகம் என்று தனிப் பட்டங்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். போட்டியும் மனக்கசப்பும் முற்றி, கடைசியில் பட்டங்களையே கைவிட்டார்கள். விழா இன்றும் நடக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் மேடை. அங்கே கொடுக்கப்படும் கலையரசன், கலையரசி பட்டங்கள் குழுவுக்குப் போனால் இன்னும் மகிழ்வேன்.

"வேஷம் கட்டுன புள்ளை" என்ற சொல்லில் இருப்பது பழைய பயம். படித்தவன் மேடையேறுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதிய காலத்தில், 1891இல், சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. பிறகு வழக்கறிஞரானார், நீதிபதியாகவும் இருந்தார், தொண்ணூறுக்கு மேல் நாடகமும் எழுதினார். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுக்களில், சேர்ந்தவர்களுக்குத் தமிழும் பாட்டும் குரலும் அபாரமாக வாய்த்தன, ஆனால் பலருக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. ஒன்றுக்காக இன்னொன்றை இழக்க வேண்டிய நிலை அன்று இருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' சாதாரண தரம், உயர்தரம் என்ற இரண்டு பொதுத்தேர்வுகளிலும் பாடமாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்ற ஆசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நாடகம் எழுதினார்கள். அங்கே படிப்பும் நாடகமும் ஒரே கால அட்டவணைக்குள் வந்துவிட்டன.

ஆகவே, அந்தப் பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுங்கள், ஆனால் அதைவிட முக்கியமாக நாடகத்தை இன்னொரு முறை போடவிடுங்கள். ஆண்டு விழாவில் தன் பிள்ளை வரும் இரண்டு நிமிடத்தைக் கைபேசியில் பிடித்துவிட்டு ஓய்ந்துவிட்ட பெற்றோர், இந்த முறை முழுவதையும் உட்கார்ந்து பார்க்கட்டும். கேள்வி கேட்டவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அழைப்பிதழில் திரை இழுத்தவர் வரை எல்லோர் பெயரையும் அச்சிடுங்கள்.

இதில் ஒரு தடை வரும். அந்தப் பிள்ளைகள் இப்போது பத்திலும் பன்னிரண்டிலும் இருக்கிறார்கள். பொதுத்தேர்வு வகுப்புக்கு ஒத்திகை எதற்கு என்பார்கள். பெரும்பாலான தனியார் பள்ளிகளில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் மேடை, மைதானம் இரண்டும் அடைபட்டுவிடுகின்றன. சில மாலைகள், பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் என்று கேளுங்கள். தாளாளர் ஏற்கெனவே ஒருமுறை உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வுவரை பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நாடகத்தில் சேரலாம் என்று விழா மேடையிலேயே அவரை அறிவிக்கச் சொல்லுங்கள். அப்படி அறிவித்தால், அந்த ஏரி நாடகம் போட்டவர்களுக்கு அதுவே பெரிய பரிசு.

நாள் முடிவானதும் எழுதுங்கள். பார்க்க வருகிறேன்.

அன்புடன்.