பிள்ளைகளின் கண் பரிசோதனை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருபவராக இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், கேட்டவர்களின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, மகளுக்கு 4 வயசு. தரையில் கிடக்கிற ஊசியைக்கூடப் பொறுக்கி எடுத்துடுவா. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்?

ஊசியை எடுக்க ஒரு கண் போதும்மா, சிக்கலே அங்கேதான். ஒரு கண் நன்றாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருந்தால், மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும், அதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். பிள்ளைக்கு வலிக்காது, பிறந்ததிலிருந்து அப்படியே பார்ப்பதால் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லவும் தெரியாது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: அவள் கார்ட்டூன் பார்க்கும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருந்தவள், இன்னொன்றை மூடியதும் கையைத் தட்டிவிட்டுத் தலையைத் திருப்பினால், திறந்திருக்கும் கண்ணில் ஏதோ இருக்கிறது. இரண்டுக்கும் சும்மா இருந்தாலும் டெஸ்ட் வேண்டாம் என்று ஆகிவிடாது.

எழுத்து தெரிய வேண்டியதே இல்லை. படம் காட்டிக் கேட்போம், சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து அது திரும்பி வரும் விதத்திலேயே கண்ணாடி பவரைக் கண்டுபிடித்துவிடுவோம். மருந்தால் அன்று முழுக்க வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும், பயப்படாதீர்கள். ஒரு வயதுக்குள் ஒரு தடவை, 3 வயதில் ஒரு தடவை, கிரேடு 1 சேரும் முன் ஒரு தடவை, அப்புறம் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

பீனிக்ஸ்: ஸ்கூலில் நர்ஸ் வந்து பார்த்து எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்க. அது போதாதா?

அது சல்லடை மாதிரி, பெரிய கல் மாட்டும், சின்னது கீழே போய்விடும். தூரத்து அட்டையைத்தான் பெரும்பாலும் படிக்கச் சொல்வார்கள். தூரப்பார்வை (பக்கத்தில் பார்க்கச் சிரமப்படும் குறை) உள்ள பிள்ளை கண்ணை இறுக்கிச் சமாளித்து அதை முழுக்கப் படித்துவிடும், ஆனால் வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தலைவலி, வரி தாவுவது, புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவது. 'படிப்பில் அக்கறையே இல்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளை முதலில் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

டோங்காட்: பேரனுக்கு 2 வயசு, மாறுகண். அதிர்ஷ்டம், வளர்ந்தா சரியாயிடும்னு வீட்டில் பெரியவங்க சொல்றாங்க.

பெரியவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த அதிர்ஷ்டத்தால் பார்வை போன பிள்ளைகள் நிறைய. பிறந்து மூன்று நான்கு மாதம் வரை கண் அப்பப்போ விலகலாம், அதற்கு மேல் விலகினால் காட்டியே ஆக வேண்டும். மூக்குத் தண்டு தட்டையாக இருப்பதால் மாறுகண் போலத் தெரிவதும் உண்டு, அதையும் நாங்கள் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் நாளைக்கே போங்கள். எல்லா நேரமும் அது ஆபத்தாக இருக்காது, ஆனால் கண்ணுக்குள் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மகனுக்கு 7 வயசு, சோம்பல் கண். நல்ல கண்ணை மூடுற பேட்ச் ஒட்டினா பிச்சுப் போடுறான். லேட் ஆயிடுச்சா?

இல்லை. சின்ன வயதில் சீக்கிரம் பலன் கிடைக்கும், 7க்கு மேலே மெதுவாகத்தான் கிடைக்கும், அவ்வளவுதான். நல்ல கண்ணை மூடிவிட்டால் அவனுக்கு எல்லாமே மங்கல், பிய்க்காமல் என்ன செய்வான்? நடுத்தரக் குறைக்கு தினமும் 2 மணி நேரமே போதும் என்று ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்த கேம் அந்த நேரத்தில் மட்டும்தான் என்று வையுங்கள். கண்ணாடி கொடுத்திருந்தால் அதைக் கழற்றக் கூடாது, பேட்சும் அதோடு சேர்த்துத்தான்.

மெரிபேங்க்: கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமா? போன்தான் காரணமா?

கிட்டப்பார்வையில் (தூரத்தில் இருப்பது மங்கும் குறை) பவர் ஏறுவது கண் வளர்ந்து நீளுவதால், கண்ணாடியால் இல்லை. போனைப் பிடுங்குவதைவிட வெளியே துரத்துவது முக்கியம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை தினமும் 120 நிமிடம் வெளியே விடச் சொன்னார்கள், அதன்பின் பார்வை மங்கிய பிள்ளைகளின் விகிதம் ஏறுவது அங்கே நின்று இறங்கியது. நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? தொப்பி போட்டு அனுப்புங்கள். கேரட் ஜூஸைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள்: நல்லதுதான், பவரைக் குறைக்காது.

பலர் கேட்டது: மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இல்லை, எங்கே போவது?

6 வயதுக்குள் அரசு கிளினிக்கில் இலவசம், குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே டர்பனில் உள்ள மக்கார்ட் அரசு கண் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். தூங்கும் நேரத்திலோ பசி வேளையிலோ மட்டும் அழைத்துப் போகாதீர்கள், அழுகிற கண்ணில் வெளிச்சம் அடித்து எங்களாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.