மாப்பிள்ளை சொல்வதா, பேரன் சொல்வதா?

கேள்வி: நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகாமகம் நடந்த 2016இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று வைத்திருக்கிறேன். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 சில்லு, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆண்டுதோறும் மாசி மக மலருக்குக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து தருவது, வங்கிக் கணக்கு பார்ப்பது, யூடியூபில் கச்சேரி கேட்பது, இவ்வளவுதான் என் வேலை. விண்டோஸ் 10க்கு இனிப் பாதுகாப்பு இல்லை, 11 இதில் ஏறாது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். இலவச இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்செடுத்தேன், வந்தது வினை. சர்வர் எனும் மையக் கணினிகளின் நிர்வாகியாக இருக்கும் மாப்பிள்ளை, ‘ஃப்ரீபிஎஸ்டி போடுங்கள், அதுதான் அசல் யூனிக்ஸ் வழி வந்தது’ என்கிறார். புனேயில் படிக்கும் பேரன், ‘ஆர்ச் லினக்ஸ்தான் பாட்டி’ என்கிறான். எதிர்வீட்டு ஆசிரியர் பல வருடங்களாக உபுண்டு வைத்திருக்கிறார். பாமினி எழுத்துருவில் பதினைந்து ஆண்டுக் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. அவை போய்விடுமோ என்று பயம். இந்த வயதில் விசைப்பலகையை மறுபடியும் படிக்க வேண்டுமா? எதைத்தான் போடுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, லினக்ஸ் மின்ட் போடுங்கள். ஆர்ச், உபுண்டு போல இதுவும் லினக்ஸ் குடும்பத்து இலவச இயங்குதளம்தான். அதில் மூன்று பதிப்புகள் உண்டு. உங்கள் 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையையும் பேரனையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேனே என்று நினைக்க வேண்டாம். இருவரும் தவறாக எதுவும் சொல்லவில்லை. அவரவர் தமக்குப் பொருந்தியதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னதும் முக்கால்வாசி உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு வரும். விண்டோஸ் 11 இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் கேட்கிறது, உங்களுடையது ஆறு. ஆனால் ‘இதில் 11 ஏறாது’ என்பதிலிருந்து ‘இது குப்பை’ என்பதற்கு ஒரே எட்டில் தாவுகிறாரே, அங்கேதான் வியாபாரம் தொடங்குகிறது. கட்டுரை தட்டச்சு செய்யவும் கச்சேரி கேட்கவும் அந்தக் கணினிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

இனி மாப்பிள்ளை. பரம்பரை என்று பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். 1969இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எடுத்து வளர்த்தார்கள். அந்தக் கிளையில் 1993இல் வந்தது ஃப்ரீபிஎஸ்டி. லினக்ஸோ, 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் யூனிக்ஸ் மாதிரியே நடக்கும்படி புதிதாக எழுதத் தொடங்கியது. நடத்தையில் ஒற்றுமை, ரத்த உறவு இல்லை. பிறகு எப்படி லினக்ஸ் முந்தியது? 1992இலிருந்து 1994 வரை பெர்க்லி நிரல்கள் மீது ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் தொடுத்த வழக்கு நடந்தது. யார் சொத்து என்று தெரியாததில் கைவைக்கப் பலர் தயங்கினார்கள். பங்காளி வழக்கில் பெரிய வீடு பூட்டிக் கிடந்தபோது எதிரே கொட்டகை போட்டவன் ஊரையே பிடித்துக்கொண்டான். ஆனாலும் ஃப்ரீபிஎஸ்டி இளைத்துப்போகவில்லை. நெட்ஃபிளிக்ஸின் படங்களை உலகெங்கும் அனுப்பும் சர்வர்களில் ஓடுவது அதுதான். பிளேஸ்டேஷன் 4க்குள் இருப்பதும் அதிலிருந்து செய்ததுதான்.

சிக்கல் என்னவென்றால், மாப்பிள்ளை நிர்வகிப்பது சர்வர். சர்வரை யாரும் மூடி மடக்கிப் பையில் வைப்பதில்லை. மடிக்கணினியை மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும், வைஃபையை உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வீட்டு வேலைகளில் லினக்ஸின் பழக்கம் ஃப்ரீபிஎஸ்டிக்கு இல்லை. வழக்கமான முறையில் அதை நிறுவி முடித்தால், கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கும். ஜன்னலும் சுட்டியும் வேண்டுமென்றால் அதற்கு மேல் நீங்களாகக் கட்டிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளைக்கு அது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. உங்களுக்கு மலர் வேலை கிடக்கிறது.

பேரனின் ஆர்ச்சில் பதிப்பு எண் என்ற பேச்சே கிடையாது. புதியது வர வர அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும். அதன் ஆவணங்கள் மிக அருமையானவை, வேறு லினக்ஸ் வைத்திருக்கும் நானே சந்தேகம் வந்தால் அங்கேதான் போய்ப் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு பெரிய மாற்றத்தின்போதும் அறிவிப்பைப் படித்து, தேவைப்பட்டால் கையால் ஏதாவது சரிசெய்யும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஆள் புனேயில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்து சரியாக்கிவிட்டுப் போவான், பொங்கலுக்கு முன் ஏதோ ஒன்று மக்கர் செய்யும்.

இலவச இயங்குதளத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திரை உறைந்துபோய் நின்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? உங்களுக்கு எதிர்வீடு. மின்ட்டுக்கு அம்மா உபுண்டு, பாட்டி டெபியன். ஆசிரியருக்கு உபுண்டுவில் தெரிந்த முக்கால்வாசி வித்தை மின்ட்டிலும் செல்லும். அப்படியானால் உபுண்டுவையே போடலாமே என்பீர்கள். போடலாம், குற்றமில்லை. ஆனால் அது ராமை அதிகம் கேட்கும், அதன் திரை அமைப்பும் உங்களுக்குப் புதிது. மின்ட்டில் இடது கீழ் மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம். இத்தனை வருடம் கை பழகிய இடங்களிலேயே எல்லாம் இருக்கும். இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். அடுத்த மகாமகம் 2028இல், அதையும் தாண்டிவிடுகிறது.

டெபியனையும் நான் மதிக்கிறேன், என் மேசையில் இருப்பதே அதுதான். முன்பெல்லாம் வைஃபைக்குத் தேவையான நிரலைத் தனியே தேடிப் போட வேண்டியிருந்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் புதியவருக்கு மின்ட் அளவுக்கு அது கைகொடுக்காது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் நன்றாகவே இருக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம் என்பதால் உங்களுக்கு வேண்டாம். தமிழக அரசு தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த ‘பாஸ்’ என்ற இயங்குதளம் நினைவிருக்கிறதா? டெபியனை வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் சென்னையில் செய்ததுதான் அது. எத்தனையோ வீடுகளில் யாரும் திறக்காத அறையாகவே இருந்து மறைந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பிரிண்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மலருக்குப் பிழைதிருத்தப் படி எடுக்க ஒன்று வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் கணினியை உற்சாகமாக மின்ட்டுக்கு மாற்றிக்கொடுத்தேன். எல்லாம் அற்புதம். மறுநாள் காலை போன்: ‘பிரிண்ட் வரவில்லையே.’ ஜெராக்ஸ் கடைகளில் தவறாமல் கண்ணில் படும் சின்ன லேசர் பிரிண்டர் அவருடையது. அதற்கான லினக்ஸ் நிரல் பழையது, நிறுவினாலும் வரிசையில் நின்றபடியே நின்றது. இரண்டு மாலைகள் போராடினேன். மூன்றாம் நாள் அவரே விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார், என்னோடு பேச்சும் கொஞ்ச நாள் குறைந்தது. அன்றிலிருந்து பிரிண்டரைப் பார்க்காமல் யாருக்கும் எதையும் நிறுவுவதில்லை. எச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை, அதற்கான நிரல் மின்ட்டிலேயே வருகிறது.

ஆகவே, நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். இப்போதுள்ள விண்டோஸிலேயே மின்ட்டின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் பயனில்லை. ரூஃபஸ் என்ற சிறு நிரலால் எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, பவர் பொத்தானை அமுக்கியதும் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். எதிலிருந்து தொடங்க என்று கேட்கும், பென்டிரைவைக் காட்டுங்கள். முழு மின்ட் கண்முன் வரும், வட்டில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. முகப்புத் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு சின்னம் இருக்கும், அதன் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

வைஃபை பிடிக்கிறதா, கச்சேரி கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டரைச் செருகினால் ஒரு தாள் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வங்கிப் பக்கத்தையும் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஒருமுறை திறந்துவிடுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடைபோடாதீர்கள். ஏதாவது தகராறு செய்தால் அணைத்துவிட்டுப் பென்டிரைவைப் பிடுங்கினால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பழைய வட்டில் நிறுவ வேண்டாம். பெரும்பாலும் உங்கள் கணினியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்காகத்தான் இருக்கும். விண்டோஸ் ஊர்ந்ததற்குப் பாதிப் பழி அதனுடையது. 250 ஜிபி அளவில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான வட்டு, வாங்கி, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தச் சொல்லுங்கள். புதிது வாங்கச் சொன்ன அதே கடைக்காரர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். எஸ்எஸ்டியில் மின்ட்டை நிறுவுங்கள். கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டால் உங்கள் பதினைந்து ஆண்டுக் கோப்புகளும் விண்டோஸும் தொடப்படாமல் அதில் கிடக்கும். வேண்டியபோது செருகி நகலெடுக்கலாம். மின்ட் பிடிக்கவில்லையா, பழைய டிஸ்கைத் திரும்பப் பொருத்துங்கள். ஒரே டிஸ்கில் இரண்டையும் வைத்து, எந்தப் பகுதியைச் சுருக்குவது என்று இரவில் கண்விழிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

பாமினிக் கோப்புகளுக்கு வருகிறேன். அவை எங்கும் போகாது. பாமினி எழுத்துருக் கோப்பை மின்ட்டிலும் இரட்டைச் சொடுக்கில் நிறுவலாம். வேர்டு போன்ற லிப்ரே ஆபீஸில் பழைய ஆவணத்தைத் திறந்தால் முன்போலவே தமிழ் தெரியும். ஆனால் பாமினியில் ‘அம்மா’ என்று நீங்கள் தட்டியபோது கணினி சேமித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு அதற்கு மேல் தமிழ் வேடம் போட்டது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் புரியாத ஆங்கிலம் வருகிறது. தேடினாலும் கிடைப்பதில்லை. எங்கு ஒட்டினாலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் ஒரே நொடி. ஆனால் கட்டுரை நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றி வைத்துவிடும், தடித்த எழுத்தும் போய்விடும். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. மறுபடி தேவைப்படும் கட்டுரையை அந்தந்த நேரத்தில் மாற்றினால் போதும்.

விசைப்பலகையை மறுபடி படிக்க வேண்டாம். மின்ட்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் ஆசிரியரை நிறுவித் தரச் சொல்லுங்கள். தமிழுக்கான பட்டியலில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை இருக்கும், பழைய தட்டச்சுப் பொறி முறையும் இருக்கும். இரண்டாவதை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். எழுத்துகள் பெரும்பாலும் விரல் போன இடத்திலேயே வரும், நிறுத்தக் குறிகளை மட்டும் முதல் வாரம் தேடுவீர்கள். ஆர்வம் வந்தால் தமிழ்99ஐயும் தொட்டுப் பாருங்கள். அதில் ‘அம்மா’வுக்கு ஏ, கே, கே, க்யூ என்று நான்கே தட்டல், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்த விரல்களுக்கு அது கோபத்தை மூட்டினாலும் மூட்டும்.

மாசி மக மலர் கையில் இருக்கும்போது மட்டும் இதில் இறங்காதீர்கள். பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மலர் அச்சுக்குப் போன மறுநாள் கடைக்காரரிடம் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கச் சொல்லுங்கள்.